உடல் எடையும் தன்வரலாறும்: ‘ஷ்ரில்’, ‘ஹங்கர்’

பருத்த பெண்ணின் தன்வரலாறு என்றாலே மெலிந்து முடியும் கதையை எதிர்பார்க்கும் வாசகரை, அமெரிக்க எழுத்தாளர்களான லிண்டி வெஸ்டின் ‘ஷ்ரில்’ (2016), ராக்ஸேன் கேயின் ‘ஹங்கர்’ (2017) ஆகிய இரண்டு நூல்களுமே ஏமாற்றுகின்றன. ஏமாற்றும் விதம்தான் வேறு. வெஸ்டின் ஆயுதம் நகைச்சுவை. தன் மேலதிகாரியான இதழாசிரியர் உடல் பருமனைப் பற்றி எழுதிவந்ததை எதிர்த்து, 2011இல் அதே இதழின் வலைப்பக்கத்திலேயே தன் முழு உருவப் படத்துடன் ‘நான் பருத்தவள்’ என்று அறிவித்தவர் அவர். வெட்கப்பட வேண்டிய பொறுப்பை எதிராளியின் பக்கம் தள்ளிவிடுகிறார்.

கே அப்படித் தள்ளுவதில்லை. 12 வயதில் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானபின், ஆண்கள் நெருங்காதபடி உடலையே கோட்டையாக்கிக்கொள்ள உண்டதையும், எடை ஒரு கட்டத்தில் 577 பவுண்டை (ஏறத்தாழ 262 கிலோ) எட்டியதையும் தணிந்த குரலில், சின்னஞ்சிறு அத்தியாயங்களாகச் சொல்கிறார். படியில்லாத மேடையில் திணறி ஏறி, உட்கார்ந்ததும் நாற்காலி விரிசல்விடும் ஓசை கேட்டு, நிகழ்ச்சி முடியும்வரை பாரம் முழுவதையும் தொடைகளிலேயே தாங்கியிருந்ததாக அவர் எழுதும் இடத்தில், சமூகக் கட்டுப்பாடு ஒரு நாற்காலியின் உருவிலேயே வந்து நிற்கிறது. வாதத்தில் வெல்பவர் வெஸ்ட் (அவருடைய கேலி சில இடங்களில் காயத்தை அவசரமாக மூடிவிடுவதாக எனக்குத் தோன்றும்). தன் உடலோடு இன்னும் முழுச் சமாதானம் ஆகவில்லை என்று ஒப்புக்கொள்ளும் கேயே ஆழமாகச் செல்கிறார்.