2 பர்சன்ட் ரிப்போர்ட்ட தூக்கினு அலைஞ்சேன் – வேலூர் குழந்தையின்மை சென்டர் ஒன்னோட ரிவ்யூ

பேரு போடல. நல்லா எழுதுனா விளம்பரம்னு சொல்லுவீங்க, திட்டுனா அவங்க கேஸ் போடுவாங்க. வேலூர்ல இருக்கு, நான் குடுக்கறது 5-க்கு 4.

நான் ராணிப்பேட்டைல ஷூ கம்பெனி ஒன்னுல கியூ.சி., சரக்கு சரியா இருக்கான்னு செக் பண்ற வேல. கல்யாணம் ஆயி 4 வருஷம். போன கார்த்திகை கடை ஞாயிறுக்கு குழந்த வரம் கெடைக்கும்னு அம்மா என் வீட்டுக்காரிய விரிஞ்சிபுரம் கோயிலுக்கு கூட்டினு போயி அங்க சிம்ம தீர்த்தத்துல ராத்திரி குளிருல முழுக வச்சாங்க, அவ ஈரப் புடவையோட கோயில்ல படுத்துனு இருந்தா, நான் வெளிய டீ குடிச்சினு நின்னேன். இத்தனைக்கும் அவளுக்கு எல்லா டெஸ்ட்டும் நார்மல். என்ன ஒரு டெஸ்ட்டுக்கு போடான்னு யாரும் சொல்லல, நானும் வாயத் தொறக்கல.

அப்புறம் ஒரு நாள் சும்மா ஒரு சின்ன லேப்ல விந்து சாம்பிள் குடுத்தேன். கவுன்ட் ஓகே, ஓட்டம் ஓகே, 'நார்மல் வடிவம் 2%'ங்கறத (100 விந்தணுல 2-தான் சரியான வடிவத்துல இருக்குன்னு) மட்டும் செவப்பு பேனால வட்டம் போட்டு குடுத்தாங்க. கவுன்ட்டர்ல இருந்தவரு "நேரா இக்ஸிதான் சார், வேற வழியே இல்ல"ன்னுட்டாரு (ஒரு விந்தணுவ ஊசில எடுத்து நேரா முட்டைக்குள்ள விடறதுதான் இக்ஸி), டாக்டர் கூட இல்ல அவரு. எங்க லைன்ல 100 ஜோடிக்கு 98 ரிஜெக்ட் ஆனா ஃபேக்டரியவே இழுத்து மூடிருவாங்க, அந்த கணக்கு போட்டுப் போட்டு ராத்திரி பூரா தூக்கமே வரல.

அப்புறம்தான் இந்த வேலூர் சென்டருக்கு வந்தேன். இங்க டாக்டர் மேடம் ரிப்போர்ட்ட பாத்துட்டு மொதல்ல கேட்டது, "ரெண்டு மூணு மாசத்துக்குள்ள ஜுரம் கிரம் வந்துச்சா?" வந்துச்சு, டெங்கு, 104 வரைக்கும் போச்சு. விந்தணு ஒன்னு தயாராகி வெளிய வரவே கிட்டத்தட்ட ரெண்டரை மாசம் ஆகுமாம், அதனால ஜுரத்துல அடிபட்டது எல்லாம் இப்பதான் சாம்பிள்ல வரும், 3 மாசம் கழிச்சி திரும்பி டெஸ்ட் பண்ணலாம்னாங்க. பழைய லேப்ல இத ஒரு வார்த்த கேக்கல.

அப்புறம் அந்த 2% பத்தி. டபிள்யூ.எச்.ஓ. (உலக சுகாதார அமைப்பு) கணக்குலயே 4% இருந்தா பாஸாம், 2010 மேனுவல்லயும் அதான், 2021-ல வந்ததுலயும் அதான். அந்த 4 எப்படி வந்துச்சுன்னா, ஒரு வருஷத்துக்குள்ள பொண்டாட்டி கர்ப்பமான ஆம்பளைங்க சாம்பிள எடுத்துப் பாத்து, அதுல அடிமட்டத்துல இருக்கற 5 பர்சன்ட் பேர் எங்க முடியறாங்களோ அங்க கோடு போட்டிருக்காங்க. அப்ப கோட்டுக்கு கீழ இருக்கறவனும் அப்பா ஆயிருக்கான்ல!

லேப்ல ஒரு தம்பி சாயம் போட்ட ஸ்லைட மானிட்டர்ல காட்டுனான். தல ஓவலா இருக்கணும், நீளம் 4, 5 மைக்ரான்தான், ஒரு மில்லிமீட்டருக்குள்ள 200 தலைய வரிசையா நிக்க வைக்கலாம். முன்னாடி ஒரு தொப்பி, முட்டையோட தோல கரைக்கற சரக்கு அதுலதான் இருக்கு. என்னுதுல ஒன்னு கொய்யாக்கா மாதிரி, ஒன்னு குண்டூசி, ஒன்னுக்கு கழுத்து மடங்கி, ஒன்னுக்கு ரெண்டு வாலு. 200 எண்ணுவாங்களாம், சந்தேகம்னா கூட ரிஜெக்ட்தான். இது எனக்கு நல்லா புரிஞ்ச விஷயம், நாங்களும் தையல் ஒரு நூல் தள்ளிப் போனா ஸ்டிக்கர் ஒட்டிருவோம், ஆனா அந்த ஷூவ போட்டுனு நடக்க முடியாதான்னா தாராளமா முடியும்.

எந்த மாதிரி கோணல்ங்கறதுதான் முக்கியமாம். எல்லாமே தொப்பி இல்லாத உருண்டத் தலைன்னா தானா முட்டைக்குள்ள போகவே முடியாது, இக்ஸில ஊசி வச்சி உள்ள விட்டாலும் முட்டைய எழுப்ப தனியா மருந்து போடற மாதிரி வரலாம். எல்லாமே பெரிய தல, நாலஞ்சி வாலுன்னா குரோமோசோமே தப்பா இருக்கும், அது வேற பிரச்சன. என்னுது கலவை, பயப்படாதீங்கன்னாங்க.

மறு டெஸ்ட்ல 3%. ரெண்டு ஐ.யூ.ஐ. (விந்தணுவ நேரா கர்ப்பப்பைல விடறது) பண்ணோம், நிக்கல. அப்புறம் ஐ.வி.எஃப்.ல (முட்டைய வெளிய எடுத்து லேப்ல கரு ஆக்கறது) 11 முட்ட கெடச்சுது, 6-க்கு இக்ஸி, 5 முட்டைய சும்மா டிஷ்ல விந்தணுவோட விட்டாங்க. மறுநாள் காலைல இக்ஸி பண்ணதுல 4, டிஷ்ல விட்டதுல 3 கரு ஆயிருந்துச்சு! அந்த 3 முட்டைலயும் விந்தணு ஊசியே இல்லாம தானா உள்ள போனது. "ஒரு ஜோடிய வச்சி எதுவும் முடிவு பண்ணக்கூடாது"ன்னு மேடம் சொன்னாங்க, சரி, ஆனா அன்னிக்கி எனக்கு இருந்த சந்தோஷம் எனக்குதான் தெரியும். இம்ஸின்னு ஒன்னு இருக்காமே, 6000 மடங்குக்கு மேல பெருசாக்கிப் பாத்து அணுவ பொறுக்குவாங்களாமே, பண்ணலாமான்னு நானே கேட்டேன். அதனால குழந்த அதிகமா நிக்குதுன்னு இன்னும் உறுதியாகல, வெளிய அழகா இருக்கற அணுக்குள்ள டி.என்.ஏ.வும் நல்லாருக்கும்னு கேரன்ட்டி இல்ல, காச வேஸ்ட் பண்ணாதீங்கன்னுட்டாங்க. கேட்ட கஸ்டமருக்கே விக்கல, இதுக்கே ஸ்டார் குடுக்கலாம்.

ஒரு ஸ்டார் ஏன் கம்மின்னா, சாம்பிள் எடுக்கற ரூம் பில்லிங் கவுன்ட்டர ஒட்டி கீது, தாப்பா சரியா விழாது, வெளிய ஜி.பே. பண்ண சத்தம் எல்லாம் உள்ள கேக்கும், அந்த நேரத்துல மனுஷனுக்கு என்னா வரும்? அது கூட போவுது, "சாம்பிள் குடுக்க வந்தவரு வாங்க"ன்னு மைக்குல பேர சொல்லி கூப்புடறாங்க. எங்க கம்பெனி சூப்பர்வைசர் அன்னிக்கி எதிர் சேர்ல உக்காந்துனு இருந்தாரு, அவரும் அதுக்குதான் வந்திருக்காரு, ரெண்டு பேரும் இன்னிக்கி வரைக்கும் அத பத்தி பேசிக்கல.

மொத டிரான்ஸ்ஃபர், அதான் கருவ கர்ப்பப்பைல வச்சது, நிக்கல. இன்னும் 3 கரு ஃப்ரீசர்ல இருக்கு, தை மாசம் வர சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள அந்த மைக்க எடுத்துட்டாங்கன்னா 5 ஸ்டாரா மாத்திடறேன்.