காரைக்குடிக் கடையில் கிடைக்கும் லாந்தர் மீன் மாதிரி: ஒரு மதிப்பீடு

காரைக்குடியில் பள்ளி ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடை ஒன்றில், ஃபார்மலினில் இட்டு அடைத்த லாந்தர் மீன் (உடலில் ஒளி உறுப்புகள் கொண்ட சிறு ஆழ்கடல் மீன்) ஒன்று, சிறு கையேட்டுடன் 850 ரூபாய்க்குக் கிடைக்கிறது. எங்கள் பள்ளியின் விலங்கியல் ஆய்வகத்துக்காக அதை வாங்கினோம். செட்டிநாட்டுப் பிள்ளைகள் தொண்டியிலிருந்தும் கோட்டைப்பட்டினத்திலிருந்தும் வரும் மீனைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தாம். ஆனால் பாக் விரிகுடா பெரும்பாலும் 15 மீட்டர் ஆழத்தைக்கூட எட்டாத கடல். பகல் முழுவதும் பல நூறு மீட்டர் ஆழத்தில் இருக்கும் மீன் அங்கே வலையில் விழ வழியில்லை என்பதால், இப்படி ஒரு மாதிரி எங்களுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது.

மீன் ஏறத்தாழ 7 செ.மீ. நீளம் இருக்கிறது. மழுங்கிய மூக்கும், தலையின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்ட கண்ணும், அந்தக் கண்ணைத் தாண்டிப் பின்னே நீளும் வாயும், முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே முள்ளில்லாத சிறு கொழுப்புத் துடுப்பும் கெடாமல் உள்ளன. குப்பியைச் சற்றே சாய்த்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துக் கைலென்ஸால் பார்த்தால், வயிற்றோரம் வரிசையாக ஒளி உறுப்புகள் தெரிகின்றன. ஒவ்வொன்றும் குண்டூசித் தலையைவிடச் சிறிய வட்டம். விளிம்பு கறுப்பு, நடுவில் வெள்ளி மினுக்கம். அந்தக் கறுப்பு ஒளியை உடலுக்குள் கசியவிடாமல் தடுக்க, வெள்ளிப் படலம் அதைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. மேலிருந்து இறங்கும் மங்கிய வெளிச்சத்துக்கு ஈடாக வயிறு ஒளிர்வதால், கீழே காத்திருக்கும் வேட்டை மீனுக்கு இதன் நிழலுருவம் புலப்படுவதில்லை. இக்குடும்பத்தில் ஏறத்தாழ 250 இனங்கள் உண்டு. ஒளி உறுப்புகள் அமைந்திருக்கும் வரிசையைக் கொண்டே அவற்றைப் பெரிதும் பிரித்தறிகிறார்கள். எனவே இவ்வரிசை சிதையாமல் இருப்பதே இந்த மாதிரியின் பெருமதிப்பு.

உடலில் செதில்கள் பல இடங்களில் உதிர்ந்திருப்பதைக் குறையாகக் கொள்ள வேண்டாம். இழுவலையில் உரசினாலே உதிர்ந்துவிடும் செதில்கள் அவை. கேரளத்தின் கொல்லம் பகுதியில் ஆழ்கடல் இறாலுக்குப் போகும் இழுவைப் படகுகளில் இம்மீன்கள் இறாலோடு சேர்ந்து வருவதுண்டு. முழுச் செதிலோடு கரை சேர்பவை அரிது.

கையேட்டைப் பாராட்ட முடியவில்லை. இம்மீன் எப்போதும் ஆழத்து இருட்டிலேயே வாழ்கிறது என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். பெரும்பாலான லாந்தர் மீன்கள் பகலில் 300 முதல் 1200 மீட்டர் ஆழத்தில் இருந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் மேலே 100 மீட்டருக்குள் ஏறி, கோப்பிபாட் போன்ற மிதவை உயிரிகளைத் தின்று, விடியுமுன் திரும்ப இறங்குகின்றன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஒலியை அனுப்பி எதிரொலியால் ஆழம் அறியும் சோனார் கருவிகள் நடுக்கடலில் தரைபோலக் காட்டிய அடுக்கு ஒன்று இரவில் ஏறிப் பகலில் இறங்கியதே, அதில் இந்த மீன்கூட்டங்களுக்கும் பங்குண்டு. அரபிக்கடலில் இவை பகலைக் கழிக்கும் நீரடுக்கில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அங்கே துரத்திவரும் பெரிய மீன்களும் குறைவு. மேலே தின்றதன் கரிமத்தை ஆழத்துக்குக் கொண்டு சேர்க்கும் வேலையும் இந்த ஏற்ற இறக்கத்தால்தான் நடக்கிறது. மாணவர்கள் முதலில் அறிய வேண்டிய இச்செய்தியையே கையேடு தவறவிட்டிருப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

இன்னொரு பிழையும் உண்டு. ஒளி பாக்டீரியாவால் வருகிறது என்கிறது கையேடு. லாந்தர் மீன் தன் உயிரணுக்களாலேயே ஒளி தருகிறது. பாக்டீரியாவை வளர்த்து ஒளிர்வது நம் சந்தையில் கூறு கட்டி விற்கும் காரல். அதன் உணவுக்குழாயைச் சுற்றி அந்த உறுப்பு இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் அருமையான பாடமாகும்.

குப்பியின் சீட்டில் ‘ஆழ்கடல் மீன்’ என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. இனப்பெயர், பிடித்த கடல், ஆழம், நாள் ஆகியவை இல்லாத மாதிரி ஆய்வுக்குப் பயன்படாது. கடைக்காரரிடம் கேட்டபோது, “மொத்தமா வர்றதே இப்படித்தான் சார், கேட்டு எழுதி வாங்கித் தர்றேன்” என்றார். மற்ற பள்ளிகளும் அதைக் கேட்டு வாங்குவது நல்லது.

மீனுக்காக இந்த விலை கொடுக்கலாம். பாடக்குறிப்பை ஆசிரியரே எழுதிக்கொள்ள வேண்டும். மூடியை மாணவர்கள் திறக்காதபடி மெழுகிட்டு, வெயில் படாத அலமாரியில் வைக்க வேண்டும்.