பட்டை விஸ்கி: கடைப் புட்டியா, வீட்டு ஊறலா?

ஊறல் என்றதும் சாராயப் பானை நினைவுக்கு வர வேண்டாம். இங்கே புளிக்க வைப்பதும் இல்லை, காய்ச்சி வடிப்பதும் இல்லை. வாங்கிய விஸ்கியில் இலவங்கப் பட்டையைப் போட்டு வைத்து, வடிகட்டி, பாகு சேர்ப்பதோடு வேலை முடிந்தது.

கடைச் சரக்கில் எல்லாருக்கும் தெரிந்தது ஃபயர்பால். கனடா விஸ்கியில் செய்தது, ஆல்கஹால் 33 சதவீதம். நாக்கில் முதலில் மிட்டாய் இனிப்பு, அப்புறம் காரம்; விஸ்கியைத் தேடத்தான் வேண்டும். ஜாக் டேனியல்ஸ் டென்னசி ஃபயர் 35 சதவீதம். அதில் விஸ்கி கொஞ்சம் தலை காட்டும். அமெரிக்காவில் பெட்ரோல் பங்க் கடைகளில் சின்னப் புட்டி வாங்குபவர்கள் லேபிளைப் படியுங்கள். ‘விஸ்கி’ என்ற சொல் இல்லாமல் ‘ஃபயர்பால் சின்னமன்’ என்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் 16.5 சதவீத மால்ட் பானம் (பீர்போல முளைகட்டிய தானியத்தில் செய்தது), விஸ்கி இல்லை.

வீட்டில் செய்யும்போது எந்த விஸ்கி என்பதைவிட எந்தப் பட்டை என்பதுதான் ருசியைத் தீர்மானிக்கிறது. மளிகைக் கடையில் பிரியாணிக்குக் கொடுக்கும் தடித்த, கையால் ஒடிக்க முடியாத பட்டை பெரும்பாலும் காசியா. ஃபயர்பால் மாதிரி சுள்ளென்ற காரம் இதில்தான் வரும். இலங்கைக் கறுவா, அதாவது சுருள் பட்டை, காகிதம்போல மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டிருக்கும், விரலால் நொறுக்கலாம். மணம் மென்மை, லேசாகக் கிராம்பு வாசனையும் உண்டு. விலை கூடுதலான சுருள் பட்டையைப் போட்டுவிட்டு ‘காரமே இல்லை’ என்று புலம்புவதில் அர்த்தமில்லை. நிதானமாக உறிஞ்சிக் குடிக்க அது, ஒரே மடக்குக்குக் காசியா. காசியாவில் கல்லீரலுக்கு ஆகாத கூமரின் அதிகம். சுருள் பட்டையில் மிகக் குறைவு.

அளவு: 40 சதவீத பர்பன் (மக்காச்சோளத்தில் செய்யும் அமெரிக்க விஸ்கி) 750 மி.லி., காசியா 10 முதல் 12 கிராம். கண்ணாடி ஜாடியில் மூடி, வெயில் படாமல் 3 நாள். முதல் நாள் கழிந்ததும் தினமும் ஒரு சொட்டு ருசி பாருங்கள். சுருள் பட்டை என்றால் 15 கிராம், 5 நாள். காரம் போதாவிட்டால் விதை நீக்கிய காய்ந்த மிளகாய் ஒன்று, 6 மணி நேரம் மட்டும். ராத்திரி போட்டு மறந்தால் மிளகாய்த் தண்ணீர்தான் மிஞ்சும்.

பெரும்பாலும் கெடுவது இரண்டு இடத்தில். வாரக்கணக்கில் ஊறவிட்டால் பட்டையின் டேனின் இறங்கி நாக்கு துவர்க்கும். சர்க்கரை அதை மறைக்காது. வெறும் விஸ்கி கலந்து நீர்க்கச் செய்வதுதான் வழி. இரண்டாவது, பட்டைப் பொடி. அது சளிபோலக் குழைந்து காபி வடிதாளை அடைத்துவிடும்.

பாகுக்கு 100 கிராம் சர்க்கரை, 100 மி.லி. தண்ணீர்; கரைந்தால் சுமார் 160 மி.லி. வரும். நன்றாக ஆறியபின் 150 மி.லி. சேர்த்தால் ஆல்கஹால் 33 சதவீதத்துக்கு வரும், ஃபயர்பால் கணக்கு. இந்திய விஸ்கி 42.8 சதவீதம் என்பதால் அதே அளவுக்கு இறங்க 220 மி.லி. பாகு வேண்டும், ஆனால் அது திகட்டும். 150 பாகு, 70 தண்ணீர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

சிவப்புப் பட்டை மிட்டாயைக் கரைப்பது குறுக்குவழி. ஒரே ராத்திரியில் ஆகிவிடும், ஆனால் மிட்டாயின் மெழுகு மேலே ஏடாக மிதக்கும். பட்டை எண்ணெய் வேண்டவே வேண்டாம்: ஒரு சொட்டு கூடினால் புட்டி முழுக்க வீண், தோலில் பட்டால் எரியும்.

குடிக்க, கடைப் புட்டியை நன்றாகக் குளிரவைத்து அப்படியே. வீட்டு ஊறல் 45 மி.லி.க்கு 120 மி.லி. ஆப்பிள் சாறு, சாறு இனிப்பு என்றால் எலுமிச்சை கால் மூடி பிழிந்துகொள்ளுங்கள்.