கார் ஹெட்லைட் பல்பு மாற்றும்போது எதை வாங்குவது: ஹாலஜன், எல்இடி, செனான் ஓர் ஒப்பீடு

எரிந்துபோன ஹெட்லைட் பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பென்சில் முனை அளவே உள்ள ஒரு சுருள் இழை நடுவில் அறுந்தோ தொய்ந்தோ கிடப்பது தெரியும். இரவில் நமக்குத் தெரியும் சாலை முழுவதும் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அந்த இழையிலிருந்துதான் வருகிறது. ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த இழை எங்கே இருக்கும், எவ்வளவு நீளம் இருக்கும் என்ற கணக்கின் மேல் வடிவமைக்கப்பட்டது. ஆகவே எந்தப் பல்பு அதிக வெளிச்சம் தரும் என்று கேட்பதற்கு முன், அந்த இழை இருந்த இடத்திலேயே அதே வடிவத்தில் ஒளியைத் தரக்கூடியது எது என்று கேட்க வேண்டும். பின்வரும் ஒப்பீடு முழுவதையும் இந்த அளவுகோலை வைத்தே செய்கிறேன்.

முதலில், மேலே சொன்ன இழை உள்ள பல்பான சாதாரண ஹாலஜன். ஒரே விளக்கில் டிம், பிரைட் இரண்டையும் தரும் எச்4 பல்பில் இரண்டு இழைகள் இருக்கும். பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். ஓர் இழை மட்டுமே உள்ள எச்7 பல்பு 55 வாட்டில் 13.2 வோல்ட்டுக்குச் சுமார் 1500 லூமன் (பல்பு தரும் மொத்த ஒளியின் அலகு) தரும். இவ்வகைப் பல்புகளுக்கான ஐ.நா. விதி எண் 37 இந்த அளவையும், அதில் எவ்வளவு கூடலாம் குறையலாம் என்பதையும் வரையறுக்கிறது. எச்7-க்கு அந்த வித்தியாசம் 10 சதவீதம்தான். இதை நினைவில் வைத்துக்கொண்டு, அட்டைப்பெட்டியின் மேல் '+100', '+150' என்று அச்சிட்டு விற்கப்படும் உயர்திறன் ஹாலஜன் பல்புகளைப் பார்க்க வேண்டும். மொத்த ஒளிக்கே உச்சவரம்பு இருக்கும்போது அது எப்படி இரண்டரை மடங்காகும்? சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டு, சாலையின் குறிப்பிட்ட ஒரு பகுதியில் விழும் ஒளியைத்தான் அந்த எண் சொல்கிறது. இழையை இன்னும் நெருக்கமாகச் சுற்றி, அதிக வெப்பத்தில் எரியவிட்டு, ஒளி புறப்படும் இடத்தைச் சுருக்குவதால் தொலைவில் விழும் வெளிச்சம் உண்மையாகவே கூடுகிறது. ஆனால் அவ்வளவு வெப்பத்தில் எரியும் இழை விரைவில் தேயும் என்பதால் ஆயுள் குறைகிறது. இதற்கு நேர்மாறாக, நீண்ட ஆயுள் என்று விற்கப்படும் பல்புகளில் இழை சற்றே குளிர்ச்சியாக எரியும். ஒளி கொஞ்சம் மஞ்சளாக இருக்கும். பகலிலும் விளக்கை எரியவிட்டே ஓட்டுபவருக்கும், பல்பைத் தொடுவதற்கே பம்பரைக் கழற்ற வேண்டிய கார் வைத்திருப்பவருக்கும் இதுவே ஏற்றது. இரவில் நெடுஞ்சாலையில் ஓட்டுபவர் உயர்திறன் வகையை வாங்கி, ஆயுள் குறைவதை அதற்கான விலையாக ஏற்றுக்கொள்ளலாம்.

ஹாலஜனை மங்கல் என்று ஒதுக்குவதற்கு முன் வயரிங்கைச் சோதித்தே ஆக வேண்டும் என்பேன். ஹாலஜன் இழையின் ஒளி, வோல்டேஜின் ஏறக்குறைய 3.4-ஆம் அடுக்கில் மாறுகிறது. பல்புக்கு 13.2 வோல்ட்டுக்குப் பதில் 12.2 வோல்ட் மட்டுமே வந்தால், ஒரு வோல்ட்தானே என்று தோன்றும்; ஆனால் அதில் ஏறத்தாழ கால் பங்கு வெளிச்சம் போய்விடும். பழைய கார்களில் மின்சாரம் ஸ்விட்ச் வழியாக நீண்ட மெல்லிய வயர்களில் சுற்றி வருவதாலும், எர்த் இணைப்பு துருப்பிடிப்பதாலும் இது மிகச் சாதாரணமாக நிகழ்கிறது. இன்ஜினை ஓடவிட்டு, விளக்கையும் எரியவிட்டு, மல்டிமீட்டரால் பேட்டரி முனைகளிலும் பல்பு ஹோல்டரிலும் அளந்து பார்த்தால் இழப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும். பேட்டரியிலிருந்து தடிமனான வயரும் ரிலேவும் (ஸ்விட்சின் சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் கருவி) போட்டுவிட்டால், சாதாரண பல்பே புதுப் பல்பு போல எரியும். ஆனால் வோல்டேஜ் அளவுக்கு மேல் போனாலும் ஆபத்துதான்: 5 சதவீதம் கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

சிலர் இதற்குக் குறுக்குவழியாக 100/90 வாட் பல்பைப் போடுகிறார்கள். 60 வாட்டுக்காகப் போட்ட வயரில் 100 வாட்டுக்கான மின்னோட்டம் போனால் வயர் சூடாகும், ஹோல்டர் கருகி உருகும், ரிஃப்ளெக்டரின் பூச்சு மங்கும். இது மேம்பாடு அன்று. நீலப் பூச்சுப் பூசிய 'வெள்ளை ஒளி' ஹாலஜன்களும் எனக்கு உடன்பாடானவை அல்ல. அந்தப் பூச்சு செய்வதெல்லாம் மஞ்சளையும் சிவப்பையும் வடிகட்டி எடுத்துவிடுவதுதான், அதாவது ஏற்கெனவே பிறந்த ஒளியில் ஒரு பகுதியைச் சாலைக்குப் போகவிடாமல் தடுப்பதுதான்.

இனி எல்இடி. ஹாலஜன் விளக்குக் கூட்டில் பொருத்தும் எல்இடி பல்பைப் பற்றித்தான் சொல்கிறேன். தொழிற்சாலையிலேயே எல்இடிக்கென்று வடிவமைத்த விளக்கு வேறு, அதில் பெரும்பாலும் பல்பை மட்டும் தனியே மாற்றவே முடியாது. இழை தன்னைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒளி வீசும். எல்இடி பல்பிலோ ஒரு தகட்டின் இரு பக்கங்களிலும் சிப்புகள் ஒட்டியிருக்கும். ஒளி இரு பக்கமாகத்தான் புறப்படும், தகட்டின் தடிமன் அளவுக்கு இரண்டுக்கும் இடையே இடைவெளியும் உண்டு. தகடு எவ்வளவு மெல்லியதோ, சிப்பு இழையின் இடத்தோடு எவ்வளவு பொருந்துகிறதோ அவ்வளவுக்கு அது நல்ல பல்பு. பெட்டியில் அச்சிட்ட லூமன் எண்ணிக்கை இதைச் சொல்லாது.

நானும் ஒருமுறை எச்4 கூட்டில் எல்இடி போட்டேன். வெள்ளை வெளேரென்று காரின் முன்னால் தரை பளிச்சிட்டது; மகிழ்ந்துபோனேன். முதல் இரவிலேயே எதிரே வந்தவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் விளக்கடித்துக் காட்டினார்கள், நான் டிம்மில்தான் போய்க்கொண்டிருந்தேன். மறுநாள் சுவருக்கு 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, ஒரு பக்கம் எல்இடி, மறு பக்கம் பழைய ஹாலஜன் வைத்துப் பார்த்தேன். ஹாலஜன் பக்கம் மேலே இருட்டு, கீழே வெளிச்சம் என்று கோடு கிழித்தாற்போல் இருந்தது. எல்இடி பக்கம் அந்தக் கோடு கலைந்து, கோட்டுக்கு மேலே திட்டுத் திட்டாக வெளிச்சம் சிதறியிருந்தது. எச்4-இல் டிம் இழையின் அடியில் ஓர் உலோகக் கிண்ணம் இருக்கும். எதிரே வருபவரின் கண்ணைக் காப்பது அதுதான். எல்இடியில் அதைப் போல ஒரு சிறு தகடு வைக்கிறார்கள், ஆனால் எல்லாவற்றிலும் அது சரியாகப் பொருந்துவதில்லை. முன்னால் தரை பளிச்சிட்டதும் ஏமாற்றுதான்: பக்கத்தில் வெளிச்சம் கூடினால் கண்மணி சுருங்கி, தொலைவு முன்பைவிட இருட்டாகத் தெரியும். ப்ரொஜெக்டர் லென்ஸ் உள்ள விளக்கில் உள்ளே இருக்கும் மறைப்புத் தகடு மேல்நோக்கிய ஒளியை வெட்டிவிடுவதால் கூச்சம் குறைகிறது, எனினும் தொலைவுக்கு ஒளி போகாத குறை அங்கும் நேரலாம்.

வெப்பத்தையும் கவனிக்க வேண்டும். எல்இடியின் சூடு பின்பக்கம் போகிறது. அதற்காகத்தான் சிறு விசிறியோ உலோகச் சிறகுகளோ வைத்திருக்கிறார்கள். பின்மூடியை மூடினால் காற்றோட்டம் இல்லாமல் சூடேறி ஒளி குறையும், மூடாவிட்டால் தூசும் ஈரமும் புகும். போட்ட முதல் நிமிடத்தில் பார்த்துவிட்டு மதிப்பிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். மின்சாரம் குறைவாக எடுப்பதால் சில கார்களில் பல்பு பழுது என்று எச்சரிக்கை விளக்கும் எரியும். நன்மையையும் சொல்ல வேண்டும்: நல்ல எல்இடியின் ஆயுள் ஹாலஜனைவிடப் பல மடங்கு, மின்செலவும் ஏறத்தாழ பாதி. 2020-இல் ஜெர்மனியில் ஒஸ்ராம் நிறுவனத்தின் நைட் பிரேக்கர் எல்இடி பல்புக்குச் சாலை அனுமதி கிடைத்தபோது, அது எல்லாக் கார்களுக்கும் கிடைக்கவில்லை. சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட மாடல்களுக்கு மட்டுமே கிடைத்தது. விளக்கும் பல்பும் சேர்ந்தே ஒன்று என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. உங்கள் கார் மாடல் அப்படிப்பட்ட பட்டியலில் இருந்தால் எல்இடியைத் தயங்காமல் வாங்கலாம்.

இழைக்குப் பதில் வாயுவில் பாயும் மின்வில்லால் ஒளி தரும் செனானைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 35 வாட்டில் டி2எஸ் என்ற செனான் வகைப் பல்பு 3200 லூமன் தருவது பெரிய விஷயம்தான்; ஆனால் அந்த ஒளியை ஹாலஜன் ரிஃப்ளெக்டருக்குள் கிட் வாங்கிப் பொருத்துவது எதிரே வருபவருக்குச் செய்யும் அநீதி. காரிலேயே செனான் வந்திருந்தால் அதே வகைப் பல்பையே வாங்க வேண்டும். டி1எஸ் இடத்தில் டி3எஸ் செல்லாது, அவை இயங்கும் வோல்டேஜே வேறு. பற்றவைக்கும் நொடியில் 20,000 வோல்ட்டுக்கு மேல் பாய்வதால் விளக்கை அணைத்து, இணைப்பைத் துண்டித்த பிறகே கை வைக்க வேண்டும். நிறம் ஊதாவாக மாறினால் பல்பு முடிவை நெருங்குகிறது. இரு பக்கப் பல்புகளையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

ஆக, ஹாலஜன் கூடு உள்ள பெரும்பாலான கார்களுக்கு என் தேர்வு, நீலப் பூச்சு இல்லாத உயர்திறன் ஹாலஜன் ஒரு ஜோடி. கண்ணாடிக் குமிழை விரலால் தொடாமல், தொட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துப் பொருத்த வேண்டும். விரலின் எண்ணெய்ப் பசை சூட்டில் குவார்ட்ஸ் கண்ணாடியைப் பாழாக்கும். வெளிக்கவர் மஞ்சளித்திருந்தால் அதைப் பாலிஷ் செய்யாமல் எந்தப் பல்பும் பயன்படாது. பிறகு 10 மீட்டர் தொலைவில் சுவர் முன் நிறுத்தி, விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதைச் சுவரில் குறித்து, டிம்மின் மேல்கோடு அதற்கு 10 சென்டிமீட்டர் (அதாவது 1 சதவீதச் சாய்வு) கீழே விழுமாறு திருகைத் திருப்புங்கள். விளக்கின் மேல் வேறு சாய்வு சதவீதம் அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.