அன்னோன் சோல்ஜர் (2017): எந்த நீளத்தில் பார்ப்பது?

இந்தப் பின்லாந்துப் போர்ப்படத்தைப் பார்த்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறார்கள். "சண்டைக் காட்சி பிரமாதம், ஆனால் யார் செத்தார், யார் பிழைத்தார் என்றே பிடிபடவில்லை" என்பது ஒரு கட்சி. "ஒரு ராணுவக் கம்பெனியோடு மூன்று வருடம் கூடவே இருந்துவிட்டு வந்த மாதிரி இருக்கிறது" என்பது இன்னொன்று. இவர்களைச் சண்டைக்கு விடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: நீங்கள் பார்த்தது எத்தனை நிமிடம்?

அகு லோஹிமியெஸ் இயக்கிய இந்தப் படம் மூன்று நீளங்களில் கிடைக்கிறது. 2017 அக்டோபரில் பின்லாந்துத் திரையரங்குகளுக்கு வந்தது மூன்று மணி நேரம். வெளிநாடுகளுக்கென்று வெட்டியது இரண்டே கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. தொலைக்காட்சிக்காக விரித்தது ஐந்து பகுதி, சுமார் நாலரை மணி நேரம். முதல் கட்சியினரில் பெரும்பாலோர் பார்த்தது வெளிநாட்டுக்கான அந்த வெட்டுப் பிரதியாகத்தான் இருக்கும். காசு கட்டுவதற்கு முன் ஓடும் நேரத்தைப் பாருங்கள். 130 சொச்சம் என்று போட்டிருந்தால் வேறு இடம் தேடுங்கள்.

வெட்டியதில் போனது சண்டை அல்ல என்பதுதான் சிக்கல். வெளிநாட்டுக்காரனுக்குச் சண்டை போதும் என்று நினைத்தவர்கள் பேச்சைக் குறைத்தார்கள், சும்மா உட்கார்ந்திருக்கும் காட்சிகளைக் குறைத்தார்கள். இந்தக் கதையின் சரக்கே அங்கேதான் இருக்கிறது. வைனோ லின்னா 1954-இல் எழுதிய நாவல் இது. அவர் எட்டாவது காலாட்படை ரெஜிமென்டில் இருந்தவர். தளபதிகளையும் வரைபடத்தையும் விட்டுவிட்டு, ஒரு மெஷின் கன் கம்பெனியின் ஆட்கள் என்ன பேசினார்கள், எதைத் தின்றார்கள், எந்த அதிகாரியைத் திட்டினார்கள் என்று எழுதினார். அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது காடும் வெடியும்தான்.

போரின் கால அளவு தெரிந்தால் இந்த நீளம் ஏன் தேவை என்று புரியும். 1939 நவம்பர் 30-இல் சோவியத் படை உள்ளே வந்ததில் தொடங்கியது குளிர்காலப் போர். அது 105 நாளில் முடிந்தது, பின்லாந்து தன் தென்கிழக்கில் இருந்த கரேலியாவை இழந்தது, நாலு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். படம் அதைப் பற்றியது அல்ல. 1941 ஜூனில் ஜெர்மனியின் பக்கம் நின்று பின்லாந்து மறுபடி தொடங்கிய போர் இது; 1944 செப்டம்பரில் முடிந்தது. இதில் முன்னேற்றம் ஓர் ஐந்தாறு மாதம், கடைசிப் பின்வாங்கல் ஒரு கோடைகாலம். நடுவே ஏறத்தாழ இரண்டரை வருடம் பதுங்கு குழியில் காத்துக் கிடந்ததுதான். "நடுப்பகுதி இழுவை" என்று குறை சொல்கிறவர்கள் உண்மையில் சரியாகத்தான் கவனித்திருக்கிறார்கள். அந்த இழுவை இல்லாமல் 1944-இன் ஓட்டம் உறைக்காது.

யார் யார் என்று பிடித்துக்கொள்ள ஒரு வழி. முதல் அரை மணி நேரம் செல்போனை எடுக்காதீர்கள். பாதிப்பேர் அங்கேதான் அறிமுகமாகிறார்கள், அதுவும் "இவர்தான் இன்னார்" என்ற தம்பட்டம் இல்லாமல். அதிகம் பேசாமல் முன்னால் நடக்கிறவர் லெப்டினன்ட் கொஸ்கெலா (யுஸ்ஸி வாத்தனென்). மீசை அரும்பும் வயதில் தேசபக்திப் பாட்டோடு கிளம்பும் இளம் அதிகாரி கரிலுவோதோ. சட்டைப் பொத்தானிலும் சல்யூட்டிலும் கண்ணாக இருப்பவர் லம்மியோ. ஓயாமல் பேசுகிற, எதையும் கண்டு வியக்கிற ஆள் ஹியெத்தனென். முகத்தில் ஈரமே இல்லாதவர் லெஹ்தோ. அரசாங்கத்தை நம்பாத இடதுசாரி லஹ்தினென். எல்லாவற்றுக்கும் சிரிப்பவர் வன்ஹாலா. எதையும் விற்றுக் காசு பார்ப்பவர் ரஹிகைனென். இந்த எட்டுப் பேர் போதும். ரொக்கா வந்து சேர்வது போர் தொடங்கிய பிறகு. அவரை அடையாளம் காட்டத் தேவையே இருக்காது.

ரொக்காவாக வரும் ஏரோ அஹோவைப் பற்றிப் பார்வையாளர்களிடையே ஒரு புகார் உண்டு: வயது கூடிவிட்டது என்று. படப்பிடிப்பின்போது அவருக்கு நாற்பத்தெட்டை ஒட்டிய வயது. கதையில் ரொக்கா அவ்வளவு மூத்தவர் இல்லை. ஆனால் பத்து நிமிடத்தில் அந்தப் புகார் நீர்த்துப் போகிறது. குளிர்காலப் போரை ஒருமுறை பார்த்துவிட்டு, பறிபோன தன் நிலத்தை மீட்க வந்திருக்கும் விவசாயி அவர். ராணுவத்தின் சடங்குகள் அவருக்கு வேடிக்கை. பதுங்கு குழிக்குப் போகும் பாதையின் ஓரத்தில் அழகுக்குக் கல் அடுக்கச் சொல்லும் லம்மியோவிடம் மாட்டேன் என்று நிற்கிறாரே, அந்தக் காட்சியில் குரல் ஏறுவதில்லை. வேலை தெரிந்த கூலியாள் வெட்டி மேஸ்திரியைப் பார்க்கிற பார்வை. அதிகாரி தோற்றுவிட்டார் என்பது அந்தப் பார்வையிலேயே முடிந்துவிடுகிறது.

பனி மூடிய சரிவில் ரொக்கா ஒற்றை ஆளாக எதிரி வரிசையைத் தடுக்கும் காட்சியைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். கையில் இருப்பது சுவோமி கேபி-31, 9 மில்லிமீட்டர் சப்மெஷின் கன், ஐமோ லஹ்தி வடிவமைத்தது. உருண்டை மேகசினில் 70 தோட்டாவுக்கு மேல் பிடிக்கும். அதைத் திரும்ப நிரப்ப மூடியைக் கழற்றி, தோட்டாவை ஒவ்வொன்றாக உள்ளே நிற்க வைக்க வேண்டும். உறைந்த விரலுக்கு அது சின்ன வேலை இல்லை. "ஒரு ஆள் இத்தனை பேரைச் சுடுவது சினிமாத்தனம்" என்கிறவர்களுக்கு ஒரு தகவல்: லின்னா ரொக்காவை உருவாக்கியது தன்னோடு போரிட்ட வில்யாம் பில்கஸ் என்ற வீரரை மனதில் வைத்து. கேமரா இங்கே வீரத்தைக் கொண்டாடவில்லை என்பதுதான் காட்சியின் பலம். சுடுகிறவர் முகத்தில் வேலை பார்க்கிற கவனம் தவிர வேறொன்றும் இல்லை.

கம்பெனியின் முக்கிய ஆயுதம் மாக்சிம் மெஷின் கன். முக்காலியோடு சேர்த்து 50 கிலோவைத் தாண்டும். ஒருவர் துப்பாக்கியைத் தூக்க, ஒருவர் முக்காலியைத் தூக்க, மற்றவர்கள் தோட்டாப் பெட்டிகளைத் தூக்க வேண்டும். சுட்டுச் சூடேறினால் குழாயைச் சுற்றியுள்ள உறையில் நாலு லிட்டர் அளவில் தண்ணீர் வேண்டும். காட்டில் நடக்கும் காட்சிகளில் தோள்களைக் கவனியுங்கள். முன்னேற்றத்தில் ஒரு சுமை, பின்வாங்கலில் அதே சுமை வேறு மாதிரி. தலைக்கு மேலே மரத்தில் குண்டு வெடிக்கும்போது படுத்துக்கொண்டாலும் பயன் இல்லை, சிதறல் மேலிருந்து வருகிறது. காட்டுச் சண்டையின் இந்தக் கொடுமையை ஒலியிலேயே உணர்த்துகிறார்கள். அதனால் நல்ல ஹெட்போன் கட்டாயம். செல்போன் ஸ்பீக்கரில் இந்தப் படம் வெறும் இரைச்சல்.

வெடிகளைப் பற்றி: ஒரே ஷாட்டில் 70.54 கிலோ டிஎன்டி-க்குச் சமமான வெடிமருந்தை வெடித்ததற்காகக் கின்னஸில் இடம்பெற்ற படம் இது. செலவு சுமார் 70 லட்சம் யூரோ. ஹாலிவுட் கணக்கில் சில்லறை, பின்லாந்து மொழிப் படத்துக்கு அன்று அதுதான் உச்சம். கணினி வரைகலையை நம்பாமல் மண்ணை நிஜமாகவே கிளப்பியிருப்பது நடிகர்கள் குனிகிற விதத்திலேயே தெரியும்.

குறைகளும் உண்டு. நாவல் கம்பெனியை விட்டு நகராது. லோஹிமியெஸ் ரொக்காவின் மனைவி லூதியை (பௌலா வெசாலா) வைத்து வீட்டுக் காட்சிகளைச் சேர்த்திருக்கிறார். கரேலியாவிலிருந்து கிளம்பியவர்களில் சுமார் 2,80,000 பேர் போர் நடுவே திரும்பிப் போய் நிலத்தைத் திருத்தி, 1944-இல் மறுபடி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார்கள். அது தெரிந்தவர்களுக்கு லூதியின் வயலும் வீடும் கனக்கும். தெரியாதவர்களுக்கு விளம்பரப் படம் போல மஞ்சள் வெயில்தான் தெரியும். இசையும் சில இடங்களில் நமக்கு ஏற்கெனவே புரிந்ததை இன்னொரு தடவை சொல்கிறது.

பெரிய குறை வேறு. 1939-இன் பழைய எல்லையைத் தாண்டியதும் இது யாருடைய மண், நாம் இப்போது யார் என்ற பேச்சு வீரர்களிடையே எழுகிறது. படம் அதைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஜெர்மனியோடு சேர்ந்தது எப்படி, பிடித்த ஊர்களில் ரஷ்யப் பொதுமக்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை அறிய இந்தப் படம் போதாது. 1941 அக்டோபரில் பிடித்த சோவியத் நகரமான பெட்ரோசவோட்ஸ்கில் வேரா என்ற பெண் வரும் பகுதி (டயானா பொழார்ஸ்கயா நன்றாகச் செய்திருக்கிறார்) எதிர்ப்பக்கத்துக்கு ஒரு முகம் கொடுக்கிறது. மற்றபடி எதிரி மரங்களுக்கு நடுவே அசையும் உருவம் மட்டுமே. வீரனின் கண்மட்டத்திலிருந்து சொல்லும் கதையில் இது இயல்புதான் என்று வாதிடலாம், நான் பாதி ஒப்புக்கொள்வேன்.

ஆளுக்கு ஆள் வட்டார வழக்கு மாறுவது பின்லாந்துக்காரர்களுக்குப் பாதி சுவை. சப்டைட்டிலில் எல்லோரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள். டப்பிங்கில் கேட்டால் இன்னும் மோசம், மூலக் குரலிலேயே கேளுங்கள்.

இதே நாவல் இதற்கு முன் இரண்டு முறை படமாகியிருக்கிறது. எட்வின் லைனேவின் 1955 கறுப்பு வெள்ளைப் படம் மேடை நாடகம் போல வசனத்தைத் தெளிவாக எறியும். பின்லாந்தின் சுதந்திர தினமான டிசம்பர் 6 அன்று தொலைக்காட்சியில் அதைப் பார்ப்பது அங்கே வழக்கமாகிவிட்டது. ரௌனி மோல்பெர்க்கின் 1985 படம் வண்ணத்தில், அதிகம் அறியப்படாத இளைஞர்களை வைத்து, கையில் பிடித்த கேமராவோடு சேற்றில் இறங்கியது. 2017-க்காரர் மோல்பெர்க்கின் சேற்றையும் லைனேவின் பாசத்தையும் எடுத்துக்கொண்டிருக்கிறார். நேரம் இருப்பவர்கள் ஐந்து பகுதித் தொடரில் தொடங்கலாம். ஒரே அமர்வில் முடிக்க வேண்டுமென்றால் மூன்று மணி நேரப் பிரதி. பாத்திரங்கள் பிடித்துப்போனால் அடுத்து 1955-க்குப் போங்கள். ரெய்னோ தோல்வனென் நடித்த ரொக்காவை ஏரோ அஹோவோடு ஒப்பிட்டுப் பின்லாந்தில் இன்றும் வாதாடுகிறார்கள். அதில் நீங்களும் ஒரு கட்சி சேரலாம்.