பௌதிக ஆய்வுகூடம் தேடும் திருகோணமலைப் பிள்ளைக்கு: கொழும்பா, கண்டியா, யாழ்ப்பாணமா?

கோணேசபுரி வளாகத்தில் படிக்கும் பிள்ளைகளும், வெளியூர்ப் பல்கலைக்கழகங்களிலிருந்து விடுமுறைக்கு வருபவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "சேர், ஆராய்ச்சி பழக எங்கே போறது?" பாதிப்பேர் கேட்கும்போதே மனதில் கொழும்பை முடிவு செய்துவிட்டார்கள். பெரிய நகரம், எல்லாம் இருக்கும் என்ற நம்பிக்கை. எல்லாம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஊரின் அளவை விட, அங்கே எந்தக் கருவியில் உங்கள் கை படப்போகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

காரணம் என் அனுபவம். மாணவனாக இருந்தபோது பெரிய நகரத்து ஆய்வுகூடம் ஒன்றில் ஆறு வாரம் இருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அருமையான கருவிகள். இந்தப் பக்கம் நான், பழைய அளவீடுகளைக் கணினியில் தட்டிக்கொண்டு. அந்த ஏமாற்றம் என் பிள்ளைகளுக்கு வரக்கூடாது.

சரி, கொழும்பு. பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் துறையோடு அணு விஞ்ஞானத்துக்கும் தனித் துறை உண்டு. ஒருகொடவத்தையில் அணுசக்திச் சபை, கட்டுபெத்தையில் 45 செ.மீ. தொலைநோக்கி வைத்திருக்கும் ஆதர் சி. கிளார்க் நிறுவனம், ஹோமாகம பிட்டிபனையில் நானோ தொழில்நுட்ப நிறுவனம். வெள்ளவத்தையில் அறை எடுத்தால் பல்கலைக்கழகத்துக்கு 100 அல்லது 101 பஸ் போதும். அதே அறையிலிருந்து தினமும் பிட்டிபனைக்குப் போய் வந்தால் உடம்பு களைத்துவிடும். ஆய்வுகூடத்தை உறுதி செய்த பிறகே அறையைத் தேடுங்கள்.

நம் மாவட்டத்துப் பிள்ளை கொழும்புக்குப் போவதற்கு மிக நல்ல காரணம் புல்மோட்டை. அந்தக் கரிய மணலில் இல்மனைற், ரூட்டைல், சிர்க்கன், கொஞ்சம் மொனசைற் என்ற கனிமங்கள். மொனசைற்றில் கதிரியக்கமுள்ள தோரியம் உண்டு. அப்படிப்பட்ட மணலின் இயற்கைக் கதிரியக்கத்தை அளப்பதென்றால், காயவைத்து, அரித்து, கொள்கலனில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, ஏறக்குறைய ஒரு மாதம் அப்படியே வைக்க வேண்டும். உள்ளே உருவாகும் ரேடன் வாயு வெளியே போகாமல், ரேடியத்தோடு சமநிலைக்கு வருவதற்காகத்தான் அந்தக் காத்திருப்பு. ரேடன்-222இன் அரைவாழ்வு, அதாவது பாதி சிதைய எடுக்கும் காலம், 3.8 நாள். பிறகு திரவ நைதரசனால் குளிரூட்டிய ஜெர்மேனியம் உணரியின் மேல் வைத்து, மணலிலிருந்து வரும் காமாக் கதிர்களை மணிக்கணக்காக எண்ணல். திரையில் கதிர்களின் சக்திக்கேற்ப மெல்ல மெல்ல உச்சிகள் எழும்: 1460 கிலோ இலத்திரன் வோல்ற்றில் பொட்டாசியம்-40, 2614இல் தோரியத் தொடரின் தாலியம்-208. சொந்த மாவட்டத்து மண் இப்படிப் பேசுவதைப் பார்க்க வேண்டும்! இந்தக் கேள்வி உங்களைப் பிடித்தால் தயங்காமல் கொழும்பு.

சூரியக்கலம் என்றால் என் தெரிவு கண்டி. ஹந்தானை வீதியில் உள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனம் 1981இல் தொடங்கியது. சாயம் ஒளியை உறிஞ்சி இயங்கும் 'சாய உணர்திறன்' சூரியக்கலங்களில் அங்கே நீண்ட காலமாக வேலை நடக்கிறது. இந்தக் கலத்தைச் செய்வது கைவேலை. மின்கடத்தும் கண்ணாடியின் ஓரங்களில் ஒட்டுநாடா ஒட்டி, நடுவே தைத்தேனியம் ஈரொட்சைட்டுப் பசையை வைத்து, கண்ணாடிக் கோலால் ஒரே இழுப்பில் பரப்ப வேண்டும். 450 பாகை அளவில் சூடாக்கி, ஆறவிட்டு, சாயத்தில் ஊறப்போட வேண்டும். பசையில் ஒரு கட்டி கிடந்தாலும் கலம் காட்டிக்கொடுத்துவிடும். புதியவர் பிழைவிட்டுப் பழக இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியாது. அப்புறம், அங்கே ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்தால் பேராதனையில் முதுதத்துவமாணி (M.Phil.) பட்டத்துக்குப் பதியும் வழியும் இருக்கிறது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையிலும் சூரியக்கல ஆய்வு வலுவானது. துறைகளின் எண்ணிக்கையில் கொழும்புக்கு ஈடில்லை; சில அளவீடுகளுக்கு மாதிரியை வெளியே அனுப்ப வேண்டி வரலாம். ஆனால் பம்ப் ஏன் இரைகிறது, அளவீட்டு வரைபின் வளையி ஏன் சரிந்தது என்று பக்கத்தில் நிற்பவரிடம் தமிழில் கேட்கலாம். சிங்களம் தடுமாறி, ஆங்கிலத்தில் கூச்சப்படும் பிள்ளைக்கு முதல் ஆறு வாரத்தில் இது பெரிய பலம். அப்படிப்பட்டவர்களை நான் முதலில் யாழ்ப்பாணத்துக்குத்தான் அனுப்புவேன். கொழும்பு அடுத்த வருடம் போகலாம்.

எங்கே என்றாலும், மின்னஞ்சலை "ஏதாவது வாய்ப்பு இருக்கா" என்று அனுப்பாதீர்கள். அந்த விரிவுரையாளரின் ஒரு கட்டுரையைப் படித்து, ஒரு கேள்வி எழுதி, எந்தத் திகதியிலிருந்து எத்தனை வாரம் வரலாம் என்று சொல்லுங்கள். சூரியக்கலப் பக்கம் போகிறவர்கள் இங்கேயே ஒரு வேலை செய்யலாம். சிலிக்கன் சூரியத் தகடு ஒரு பாகை சூடேறினால் சுமார் 0.4% வலுவை இழக்கும். சின்னத் தகடு, ஒரு மின்தடை, மல்ரிமீற்றர், வெப்பமானி. நம் ஊர் வெயிலில் ஒரு கிழமை, காலையும் நண்பகலும் அளந்து வரைபு போடுங்கள். அந்த வரைபை மின்னஞ்சலோடு இணைத்து அனுப்புங்கள்.