அருவாளுக்கு தேங்கா எண்ணெயா, மெஷின் ஆயிலா?

எங்க வீட்டு அருவா லாரி ஸ்பிரிங் பட்டைய கொல்லன் பட்டறையில அடிச்சு வாங்குனது, ஸ்டெயின்லெஸ் இல்ல, அதனால இளநி வெட்டிட்டு தொடைக்காம வச்சா அலகு கறுத்துப்போய் நிக்கும், மழைக்காலம்னா ஒரே ராத்திரில துரு.

தேங்கா எண்ணெய் எப்பவும் வீட்டுல இருக்கு, கறி வெட்ட எடுத்தாலும் பயமில்ல. ஆனா 24 டிகிரிக்கு கீழ போனா உறைஞ்சிரும், மார்கழில காலைல பாத்தா அலகுல வெள்ளையா திட்டு திட்டா இருக்கும். மாசக்கணக்குல விட்டா சிக்கு வாடை வேற, புழுதியும் அப்பிக்கும்.

தையல் மெஷின் ஆயில் மினரல் ஆயில்ங்கிறதால கெட்டுப்போகாது, மெல்லிசா இருக்கறதால பிடிக்குள்ள அலகு இறங்குற சந்துக்குள்ளயும் போகும், துரு மொதல்ல பிடிக்கிறதே அங்கதான், யாரும் பாக்கறதில்ல. ரெண்டு சொட்டு விட்டு பழைய வேட்டித்துணில தேய்ச்சா போதும். ஒரே தொல்லை, திங்கிற சாமான் வெட்டணும்னா சோப்பு போட்டு கழுவிட்டுதான் எடுக்கணும்.

நான் தெனமும் எடுக்கற அருவாளுக்கு தேங்கா எண்ணெய், பொங்கலுக்கு கரும்பு வெட்ட மட்டும் எடுக்கறதுக்கு மெஷின் ஆயில். எதுவா இருந்தாலும் ஈரத்தை நல்லா தொடைச்சிட்டு தடவுங்க, அப்புறம் தயவுசெஞ்சு சாக்குல சுத்தி வைக்காதீங்க, அது ஈரத்த இழுத்து வச்சுக்கும்.